சட்டம் உண்மை, தேதி பொய்: ஐந்து வருட 'எச்.ஆர்.' ஒப்பந்தத்தில் நான் மாட்டின கதை

பிரிட்டனில் கடையோ, சாப்பாட்டுக் கடையோ, கேர் ஏஜென்சியோ நடத்தி நாலு பேரை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்றால் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். மாதம் 189 பவுண், 60 மாதம், மொத்தம் 11,340 பவுண். வற் வரி தனி. எனக்குத் தேவையே இல்லாத ஒரு 'எச்.ஆர்.' சேவைக்கு, அதாவது வேலையாட்கள் விஷயத்தில் சட்ட ஆலோசனை தரும் சேவைக்கு, நான் ஒப்புக்கொண்ட தொகை அது. கையெழுத்து என்னுடையதுதான், அதை மறுக்கவில்லை.

லண்டனில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. ஆறு பேர் வேலை செய்கிறார்கள், அதில் நாலு பேர் பகுதிநேரம். 2026 ஜனவரி நடுவில், மரக்கறி லொறி வந்து நிற்கிற நேரத்தில் அந்தச் சேவையை விற்கிற நிறுவனத்திலிருந்து ஒரு அழைப்பு. மறுமுனையில் தமிழ்க் குரல். பத்து ஆங்கில அழைப்புகளை வெட்டுகிற நான் இதை வெட்டவில்லை. அடுத்த நாள் நேரிலேயே வந்தார். கோட், லாப்டாப், வாய் நிறைய அண்ணை.

"அண்ணை, டிசம்பர்ல சட்டம் பாஸ் ஆயிட்டுது, தெரியும்தானே? ஏப்ரல்ல இருந்து ஆளை எடுத்த முதல் நாளே பாதுகாப்பு, ஒருத்தரையும் நிப்பாட்டேலாது. ட்ரிபியூனலுக்கு, வேலை வழக்கு பாக்கிற கோர்ட்டுக்குப் போனா இழப்பீட்டுக்கு இனி உச்ச வரம்பே இல்லை. கொன்ட்ராக்ட் பேப்பர் குடுக்காட்டித் தலைக்கு இவ்வளவு எண்டு ஃபைன். புது ஏஜென்சி வந்து கதவைத் தட்டும்."

இந்தப் பேச்சை இப்போது நிதானமாகப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் சாமர்த்தியம் தெரிகிறது. சட்டம் பாஸ் ஆனது உண்மை. வேலையாட்களின் உரிமை பற்றிய எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் 18 டிசம்பர் 2025 அன்று கிடைத்தது. முதல் நாள் பாதுகாப்பு என்பது பொய். அப்படி ஒரு திட்டம் மசோதாவில் இருந்தது, நவம்பரிலேயே அரசாங்கம் அதைக் கைவிட்டுவிட்டது. நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்று வழக்குப் போட இரண்டு வருட வேலை தேவை என்றிருந்தது, 1 ஜனவரி 2027 முதல் ஆறு மாதமாகிறது. ஆகவே 2026 ஜூலை 1க்குள் சேருகிற ஆளுக்கு அந்த ஜனவரியிலேயே பாதுகாப்பு வந்துவிடும். இதைக் கணக்கில் வைக்க வேண்டியதுதான், ஆனால் ஏப்ரல் இல்லை. இழப்பீட்டின் உச்ச வரம்பை எடுப்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதுவும் ஏப்ரலுக்கு இல்லை.

என்னைக் கவிழ்த்தது அந்தப் பேப்பர் விஷயம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நேரம், சம்பளம், விடுமுறை எல்லாம் எழுதின தாளைக் கொடுக்க வேண்டும் என்பது 2020 ஏப்ரலில் இருந்தே இருக்கிற சட்டம். இரண்டு பேருக்கு நான் கொடுக்கவில்லை. அது என் பிழை. அவர் கேட்டதும் நெஞ்சு பக்கென்றது. தலைக்கு ஃபைன் என்று ஒன்று இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வேலையாள் வேறு ஒரு வழக்கில் வென்றால், இந்தத் தாள் இல்லாததற்காக ட்ரிபியூனல் இரண்டு அல்லது நாலு வாரச் சம்பளம் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லலாம். அந்தப் புது ஏஜென்சி, வேலை உரிமைகள் மீறப்படுகிறதா என்று பார்க்கிற அரசாங்கத்தின் ஃபெயர் வேர்க் ஏஜென்சி, அதுவும் உண்மைதான், 7 ஏப்ரல் 2026 அன்று தொடங்கியது. குறைந்தபட்சச் சம்பளத்தைச் சரியாகக் கொடுக்காதவன் அதற்குப் பயப்பட வேண்டும். நான் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் பயந்தேன்.

மின்னஞ்சலில் வந்த ஒப்பந்தம் 19 பக்கம். கல்லாவில் ஆள் நிற்க, போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டேன். ஐந்து வருடம் என்பது பதினோராம் பக்கத்தில் இருந்தது. நான் வருடாவருடம் புதுப்பிப்பது என்று நினைத்திருந்தேன். அவர் வாயிலிருந்து ஐந்து என்ற எண் ஒருமுறைகூட வரவில்லை.

பதினோராவது நாள் மனைவி வாசித்தா. உடனே நிறுவனத்துக்கு அழைத்து, பதினாலு நாளுக்குள் ரத்துச் செய்யலாம்தானே என்று கேட்டேன். அந்தப் பக்கத்துப் பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னா: "அது நுகர்வோருக்கு சார், உங்களுடையது வியாபார ஒப்பந்தம்." அவ சொன்னது சரி. வீட்டுக்கு ஒரு சோபா வாங்கினால் ஆன்லைனிலோ வாசலிலோ வாங்கியதற்கு 14 நாள் அவகாசம் உண்டு. கடை பேரில் எதை வாங்கினாலும் அந்தச் சட்டம் தொடாது. இத்தனை வருடம் கடை நடத்தியும் இது எனக்குத் தெரியாது. எங்கள் தெருவிலேயே கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

சரி, மாட்டியாகிவிட்டது, காசுக்குச் சேவையாவது கிடைக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பெப்ரவரியில் கைநூல் ஒன்று அனுப்பினார்கள், 80 பக்கம், அட்டையில் என் கடைப் பெயர். புதுச் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தி விற்ற நூலில், சுகமில்லை என்று நின்றால் முதல் மூன்று நாளுக்குச் சிக் பே (சுகவீனச் சம்பளம்) கிடையாது என்று பழைய விதி அப்படியே கிடந்தது! 6 ஏப்ரலில் போகவிருந்த விதி அது. சுட்டிக் காட்டினேன், அடுத்த பதிப்பில் வரும் என்றார்கள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம். சனி, ஞாயிறு மட்டும் வருகிற மாணவி ஒருத்தி காய்ச்சல் என்று இரண்டு நாளும் வரவில்லை. வாரச் சராசரி 100 பவுண். அந்த நிறுவனத்தின் 'இருபத்து நாலு மணி நேர ஆலோசனை இலக்கத்துக்கு' அழைத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்து கிடைத்த பதில்: சம்பளம் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே, சிக் பே தேவையில்லை. எனக்கு ஏதோ உறுத்தியது. ஏகாஸ் ஹெல்ப்லைனுக்கு அழைத்தேன். அது அரசாங்கக் காசில் ஓடும் சுயாதீன அமைப்பு, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஐந்து நிமிடத்தில் விளக்கினார்கள். அந்த வரம்பை ஏப்ரல் 6 முதல் எடுத்தாயிற்று, காத்திருப்பு நாளும் இல்லை, குறைந்த சம்பளக்காரருக்குச் சராசரியில் 80 சதவீதம். ஆகவே அந்தப் பிள்ளைக்கு 80 பவுண் கொடுத்தேன். காசு வாங்குகிறவர்கள் சொன்னபடி கேட்டிருந்தால் சட்டத்தை மீறியவன் நானாகியிருப்பேன்.

ட்ரிபியூனல் காப்பீடும் சேர்த்துத் தருகிறோம் என்று ஒரு ஆசை காட்டியிருந்தார்களே, அதன் சிறு எழுத்தையும் பிறகு வாசித்தேன். அவர்கள் ஆலோசனையைக் கேட்டு, எழுத்தில் பதிந்து, அதன்படி நடந்தால் மட்டும் செல்லும். அப்புறம் தற்செயலாக என் கடைக் காப்பீட்டுப் பத்திரத்தைத் திறந்தேன். சட்டச் செலவுக் காப்பீடு அதிலேயே இருக்கிறது, சட்ட ஆலோசனை இலக்கத்தோடு. வருடக்கணக்காகக் கட்டிவருகிறேன். உங்கள் பத்திரத்தையும் இன்றே எடுத்துப் பாருங்கள். எழுத்து ஒப்பந்த மாதிரிப் படிவமும் ஏகாஸ் இணையத்தில் இலவசம். அந்த இரண்டு பேருக்கும் ஒரு ஞாயிறு பின்னேரம் இருந்து நானே நிரப்பிக் கொடுத்தேன்.

ஒரு சட்டத்தரணியிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிக் கேட்டேன். டைரக்ட் டெபிட்டை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார். அதை நிறுத்தினால் ஒப்பந்தம் முடியாது, கவுன்டி கோர்ட்டில் கடன் வழக்குத்தான் வரும், தீர்ப்பு விழுந்தால் உங்கள் கிரெடிட் கெடும் என்றார். வாயால் சொன்ன எதுவும் செல்லாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. ஆனாலும் பொய்யான தகவலைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் 1967இன் தவறான கூற்றுச் சட்டத்தின்கீழ் கேட்க இடமிருக்கிறது, அந்த வரி நியாயமானதா என்பதை நீதிமன்றம் பார்க்கும் என்றார். ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்டபோதுதான் விழித்தேன். நல்ல வேளை, அந்தத் தம்பி கையெழுத்துக்கு முதல் நாள் வாட்ஸ்அப்பில் 'ஏப்ரலில் இருந்து முதல் நாள் பாதுகாப்பு அண்ணை, லேட் பண்ணாதீங்க' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிதான் இப்போது என் கையில் இருக்கிற ஆயுதம். யாராவது கடைக்கு வந்து சட்டம் பேசினால், சொல்வதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வாசலைக் காட்டுங்கள். அனுப்பினால் எந்தத் திகதி என்று அரசாங்க இணையத்தில் நீங்களே பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் முடிவு விதியைத் தேடி வாசியுங்கள். என்னுடையதில் ஐந்து வருடம் முடிய 90 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்காவிட்டால் தானாகவே இன்னும் ஐந்து வருடம். அந்தத் திகதியை இப்போதே போனிலும், கடை ஃபிரிட்ஜ் கதவிலும், மகனின் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

மீதித் தொகையில் பாதியைக் கட்டினால் விடுகிறோம் என்று பேரம் பேசினார்கள். மறுத்து, வாட்ஸ்அப் பிரதியோடு சட்டத்தரணி கடிதம் போட்டிருக்கிறார். மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. ஐந்தாம் திகதி 226 பவுண் 80 பென்ஸ் வழக்கம்போல் கணக்கிலிருந்து போய்விட்டது.