பூங்காவில் உணவு வண்டித் திருவிழாவா? கூப்பனுக்குக் காசு கொடுக்க முன் இதை வாசியுங்கள்

பள்ளி விடுமுறை வருகிறது என்றதும் கொழும்புப் பூங்காக்களில் உணவுத் திருவிழா விளம்பரங்கள் திரும்பவும் ஓடத் தொடங்கிவிட்டன. முகநூலைத் திறந்தால் ஃபுட் ட்ரக், பாட்டுக் கச்சேரி, குடும்பத்தோடு வாருங்கள் என்று அதுதான். போகவேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கூப்பன் முறையில் நடக்கிறது என்றால் எங்களுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு போங்கள். நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு எழுத்தில் போகிறது, அது அதன் வழியில் நடக்கட்டும்.

கொழும்பு 5 பக்கம் ஒரு பூங்கா. நானும் கணவரும் பிள்ளைகளும் மாமியும் போனோம். நுழைவுக் கட்டணம் தலைக்கு 500 ரூபாய். அது விளம்பரத்திலேயே இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளம்பரத்தில் இல்லாதது கூப்பன் விஷயம். உள்ளே எந்த வண்டியிலும் காசோ கார்டோ எடுக்க மாட்டார்கள். வாசலில் உள்ள கவுண்டரில் 1,000 ரூபாய்க் கூப்பன்களாக, குறைந்தது 5,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும். முதலில் உள்ளே போய் விலை பார்த்துவிட்டு வந்து வாங்குகிறேன் என்றேன். "வெளியே வந்தால் திரும்ப வரிசையில நிற்கோணும் அக்கா" என்றான் அங்கே இருந்த பையன். வரிசை வீதி வரைக்கும் நீண்டிருந்தது, பின்னால் நின்ற சனம் அவசரப்படுத்தியது. வாங்கிவிட்டோம்.

உள்ளே கொத்து 1,350, இரண்டு ரோல்ஸ் 650, தேசிக்காய் ஜூஸ் 450. எந்த விலையும் ஆயிரத்தில் முடிவதில்லை, மீதியும் தருவதில்லை. "மீதிக்கு எங்களிட்டயே வேறு ஏதாவது எடுங்கோ" என்றுதான் ஒவ்வொரு வண்டியிலும் சொன்னார்கள். தேவையில்லாத கோலா போத்தல்கள் அப்படித்தான் எங்கள் கைக்கு வந்தன. இருட்டத் தொடங்கியதும் நல்ல வண்டிகளில் எல்லாம் 'முடிந்தது' என்ற பலகை ஏறிவிட்டது. எஞ்சிய கூப்பனுக்குக் காசு கேட்டால் "கூப்பன் எடுத்தால் திருப்பித் தர ஏலாது" என்ற ஒரே பதில். அந்த நிபந்தனை கவுண்டரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கவும் இல்லை, வாங்கும்போது யாரும் வாயால் சொல்லவும் இல்லை.

காசு போனதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். மாமிக்கு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

மாமி பிறந்ததிலிருந்து சைவம். பச்சை எழுத்தில் 'மரக்கறிக் கொத்து' என்று போட்டிருந்த வண்டியில், இறைச்சி படாத தனி இரும்புத் தட்டில்தான் கொத்துப் போடுவீர்களா என்று கணவர் சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை கேட்டார். ஓம் என்றார்கள். பாதி சாப்பிட்ட பிறகு ரொட்டித் துண்டுகளுக்குள் ஒரு எலும்புத் துண்டு வந்தது. மாமி பெட்டியை மூடிக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கொத்துக் கடைகளில் இரும்புத் தட்டு வீதியைப் பார்த்துத்தான் இருக்கும். என்ன விழுகிறது, முன்னைய கொத்தின் மிச்சத்தை வழித்தார்களா, கடைசியில் எந்தக் குழம்பை ஊற்றுகிறார்கள் என்று நின்று பார்க்கலாம். காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கினாலும் பொரிவது கண் முன்னால். வண்டியில் அப்படி இல்லை. ஜன்னல் தலைக்கு மேல் இருக்கிறது, தட்டு அதற்கும் உள்ளே. சத்தம் மட்டும்தான் கேட்கும். சைவக்காரர்கள், மாடு சாப்பிடாதவர்கள், ஹலால் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். இறைச்சியே சமைக்காத வண்டி என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

அப்புறம் சோற்றுப் பெட்டிகள். பிரியாணியைப் பெட்டிகளில் அடைத்து மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள், தொட்டால் சூடில்லை. சமைத்த சாப்பாட்டை அறை வெப்பத்தில் 2 மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாது, பரிமாறும் வரைக்கும் 60 பாகை செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை அறிவுரை. கொழும்பு வெக்கையில் சோறு அந்த 2 மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தால் அதில் வளரும் கிருமி விடும் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பிள்ளைகளுக்கு அதை வாங்கவே இல்லை.

வண்டிக்காரரிடம் எலும்பைக் காட்டினோம். "நாங்கள் காசு எடுக்கவில்லை, கவுண்டரில் கேளுங்கோ" என்றார். கவுண்டரில் "சாப்பாடு எங்களுடையது இல்லை, வண்டியில் கேளுங்கோ" என்றார்கள். கூப்பன் முறையின் உண்மையான ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். காசு ஒருவர் கையில், சாப்பாடு இன்னொருவர் கையில், பில் யாரிடமும் இல்லை. கவுண்டர் தந்த துண்டில் தொகை மட்டும்தான் இருந்தது, பெயரோ விலாசமோ இல்லை. அடுத்த நாள் போனால் பூங்காவில் கடையே இருக்காது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வியாபாரி விலையைத் தெரியும்படி காட்சிப்படுத்த வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டும் தர வேண்டும். வண்டியில் விற்றாலும் வியாபாரி வியாபாரிதான். ஆகவே கேளுங்கள். தர மறுத்தால் வண்டியின் இலக்கத் தகட்டையும் விலைப்பலகையையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பெயர்ப்பலகையை நாளைக்கே மாற்றலாம், இலக்கத் தகட்டை அப்படி மாற்ற முடியாது. கூப்பன் வாங்க முன், எஞ்சினால் காசு தருவீர்களா என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேளுங்கள். இல்லை என்றால், குடும்பத்தில் ஒருவர் உள்ளே போய் விலை பார்த்து வரும்வரை மற்றவர்கள் வரிசையில் நிற்கலாம்.

அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. சாப்பாட்டின் சுத்தம் பற்றிய முறைப்பாடு என்றால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போக வேண்டும், நாங்கள் பி.எச்.ஐ. என்று சொல்கிறவர்தான்.

அன்று அந்தப் பூங்காவுக்கு வந்திருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், எஞ்சிய கூப்பன்களை எறிந்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த வாரக் கடைசியில் நான் கடிதத்தை முடிக்கிறேன், உங்களுடையதையும் சேர்த்துக்கொள்கிறேன்.