எக்செலா, பைத்தானா, பெட் சிமுலேஷனா? பிளஸ் ஒன் இயற்பியலுக்கு நான் எடுத்த முடிவு

மழைத்துளி அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் நம்மைக் காயப்படுத்துவதில்லையே, ஏன்? முற்றுத் திசைவேகம் (காற்றின் தடையால் விழும் பொருளின் வேகம் மேலும் கூடாமல் நிலைத்துவிடுவது) நடத்தும்போது இதை மாணவர்களே கணினியில் கணக்கிட்டுப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். மூன்று வழிகளை வகுப்பில் முயன்று பார்த்து, கடைசியில் எக்செலில் நின்றுவிட்டேன்.

திரையில் ஸ்லைடரை நகர்த்திச் சோதனை செய்து பார்க்கும் பெட் (PhET) சிமுலேஷன்களைப் பலரும் அறிவார்கள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இலவசம். மின்சுற்றுப் பாடத்துக்கு இன்றும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் விதியை வேறு யாரோ உள்ளே எழுதி வைத்துவிட்டார்கள். மாணவருக்கு ஸ்லைடரை நகர்த்தும் வேலைதான் மிச்சம்.

நிரல்மொழியான பைத்தானின் வலிமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோள்களின் பாதையை முப்பரிமாணத்தில் காட்ட பைத்தானில் முப்பரிமாணப் படம் வரையும் வெப் விபைத்தான் போல எக்செலால் முடியாது. நம் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலும் பைத்தான் இருக்கிறது. என் வகுப்போ உயிரியல்–கணிதப் பிரிவு. அவர்கள் நிரல் எழுதிப் பழகியவர்கள் அல்லர்.

முடிவைத் தீர்மானித்தது பிழைதான். நாற்பது பேர், நாற்பத்தைந்து நிமிடம், ஒரே ஆசிரியர். பைத்தானில் ஒரு முக்காற்புள்ளி (:) விடுபட்டாலும் நிரல் ஓடாது. எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உயரும். அன்று பீரியட் முழுக்க முக்காற்புள்ளி தேடினேன், இயற்பியல் பேசவே இல்லை. எக்செலில் தவறும் ஓர் எண்ணாக வந்து நிற்கிறது. துளியின் வேகத்தை அதில் 0.1 நொடிக்கு ஒரு வரி என்று அடுத்தடுத்துக் கணக்கிடுகிறோம். கால இடைவெளி இருக்கும் செல்லுக்கு அதை மாறாமல் நிறுத்தும் டாலர் குறி ($) போட மறந்தால், கீழே இழுத்ததும் ஃபார்முலா காலிச் செல்லைப் பிடித்துக்கொள்ளும், வேகம் 0.98லேயே உறைந்துவிடும். "சார், துளி வேகமெடுக்கவே மாட்டேங்குது" என்று சொன்ன மாணவி, அந்தச் செல்லைத் தட்டிப் பார்த்துத் தானே திருத்திவிட்டாள்.

இன்னொரு பிழை அதைவிடப் பெரிய பாடம். முடுக்கம் 9.8 கழித்தல் வேகத்தின் இரு மடங்கு என்று வைத்திருந்தோம். வேகம் நொடிக்கு 4.9 மீட்டரில் நிலைக்க வேண்டும். 0.1 நொடி இடைவெளியில் அப்படியே வந்தது. ஒருவன் இடைவெளியை 1 நொடியாக்கினான். 0, 9.8, 0, 9.8 என்று மாறி மாறி வந்தது. துளி நடுவானில் நின்று நின்றா விழும்? இயற்கை அப்படி இல்லை, நாம் எடுத்த இடைவெளி பெரிது என்பதை அவர்களே வாதாடிக் கண்டுபிடித்தார்கள். நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் இது ஒரு வரிக் குறிப்பாகவே போயிருக்கும்.

நோய்ப் பரவல், ஓநாய்–ஆடு எண்ணிக்கை போன்றவற்றை எங்கள் உயிரியல் ஆசிரியை கேட்கிறார். தனித்தனி உயிர்கள் நடமாடும் இத்தகைய மாதிரிக்கு, யூரி விலென்ஸ்கி 1999இல் உருவாக்கிய நெட்லோகோ என்ற மென்பொருள் பொருந்தும். நிரலைத் திறந்து மாற்றவும் முடிகிறது. ஆனால் நான் அதை இரண்டே வகுப்புகளில்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அழுத்திச் சொல்ல அது போதாது. அவருடைய பாடத்துக்கு அதையே முயலச் சொல்லியிருக்கிறேன். இயற்பியலில் அடுத்து கதிரியக்கச் சிதைவு. அதற்கும் எக்செல் தாளைத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.