கையிலிருக்கும் மந்திரம் எப்போது நழுவும்? டிஅண்ட்டியும் பாத்ஃபைண்டரும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டிஅண்ட்டி) என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் எங்கள் குழுவின் பூசாரி, கூட்டாளிகளுக்கு வலுச்சேர்க்கும் பிளெஸ் மந்திரத்தைப் போட்டுவிட்டு நிற்கிறார். எதிரி மந்திரவாதி மேஜிக் மிசைலை ஏவுகிறான். மூன்று கணைகள்; மூன்றும் தவறாமல் படும். பிளெஸ் நழுவாமல் இருக்கப் பூசாரி ஒரு முறை பகடை உருட்ட வேண்டுமா, மூன்று முறையா? இந்தக் கேள்வியால் எங்கள் மேசையில் ஒரு சண்டையே பாதியில் நின்றுபோனது.

2014இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில், மனக்குவிப்பு தேவைப்படும் மந்திரத்தை ஒரு நேரத்தில் ஒன்றுதான் பிடித்து வைத்திருக்கலாம். அடிபட்டால் உடலுறுதிச் சோதனை உண்டு: இருபது பக்கப் பகடையில் விழும் எண்ணோடு உடலுறுதி எண்ணைக் கூட்டி இலக்கை எட்ட வேண்டும்; தவறினால் மந்திரம் போய்விடும். இலக்கு 10 அல்லது சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. பல மூலங்களிலிருந்து சேதம் வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை. விதிநூல் காட்டும் உதாரணம் ஓர் அம்பும் டிராகனின் மூச்சும். ஒரே மந்திரத்தின் மூன்று கணைகள் ஒரு மூலமா, மூன்றா என்பதில்தான் மேசைகள் பிரிகின்றன.

வேறுபாடு சிறியதல்ல. உடலுறுதிக்கு +2 உள்ளவர், இலக்கு 10 என்றால், ஒரு சோதனையில் தப்பிக்க 65 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்றையும் தாண்ட வேண்டுமென்றால் அது ஏறத்தாழ 27 ஆகச் சரிகிறது. குறி தவறவே தவறாத ஒரு முதல்நிலை மந்திரத்துக்கு அத்தனை வலிமை கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கணைகள் ஒரே நேரத்தில் தைக்கின்றன என்று அந்த மந்திரத்தின் விளக்கமே சொல்கிறது; ஆகவே ஒரே சோதனை என்று தீர்ப்பளிப்பேன். ஸ்கார்ச்சிங் ரே அப்படியல்ல. அதன் ஒவ்வொரு கதிருக்கும் தனித்தாக்குதல் உண்டு; தைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை.

மந்திரத்தைத் தயார்நிலையில் வைப்பதிலும் இதே குழப்பம் உண்டு. 'கதவு திறந்ததும் ஏவுவேன்' என்று சொல்லும் மந்திரவாதி உண்மையில் மந்திரத்தை அப்போதே போட்டுவிடுகிறார். ஆற்றலை மட்டும் பிடித்து வைக்கிறார். பிடித்து வைக்கவும் மனக்குவிப்பு வேண்டும் என்பதால், ஏற்கெனவே விரித்திருந்த வெப் என்ற வலை மந்திரம் அந்தக் கணமே கலைந்துவிடும். கதவு திறக்கவே இல்லையென்றாலும் செலவான மந்திர இடம், அதாவது எண்ணி வைத்த மந்திர வாய்ப்புகளில் ஒன்று, திரும்பாது. புதிய ஆட்டக்காரர்களுக்கு இது அநியாயமாகத் தெரிகிறது. அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் தொடங்குமுன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின், 2019இல் வந்த இரண்டாம் பதிப்பு, மந்திரத்தைத் தக்கவைப்பதன் விலையை வேறிடத்தில் வைக்கிறது. ஒருவரின் முறைக்கு மூன்று செயல்கள். நீடிக்க வேண்டிய மந்திரத்துக்கு ஒவ்வொரு முறையும் அவற்றில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த முறையின் முடிவில் மந்திரம் மறையும். அடிபட்டதற்காக மட்டும் அது உடையாது. ஆகவே கணைகள் எத்தனை என்ற வழக்கே எழுவதில்லை. செயல் மிஞ்சினால் இரண்டு மந்திரங்களைக்கூடத் தாங்கலாம். பெரும்பாலான மந்திரங்களுக்கு இரண்டு செயல்கள் தேவை. தயார்நிலையில் வைக்கக்கூடியதோ ஒற்றைச் செயல்தான். அதனால் கதவருகே காத்திருக்கும் சிக்கலும் அநேகமாக வராது.

டிஅண்ட்டியின் 2003இன் 3.5 பதிப்பில் வேகமூட்டும் ஹேஸ்ட், பிளெஸ் போன்றவை மனக்குவிப்பே கேட்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். எது எந்தச் சுற்றில் முடிகிறது என்ற கணக்கை வைத்துக்கொண்டு ஆடுவதுதான் பெரும் வேலை.

எது எப்போது முடிகிறது என்ற தெளிவுக்கு பாத்ஃபைண்டரையே தேர்ந்தெடுப்பேன். ஆனாலும் புதியவர்கள் நிறைந்த மேசைக்கு ஐந்தாம் பதிப்பைத்தான் எடுத்துச் செல்கிறேன். ஒருவருக்கு ஒரே மந்திரம் என்பதை எவரும் மறப்பதில்லை. பூசாரியைக் காக்க வீரன் குறுக்கே பாய்ந்து நிற்பதற்கும் அங்கே காரணம் இருக்கிறது. அடி விழுந்தால் மந்திரம் போய்விடும் என்ற அந்தப் பதற்றத்தைப் பாத்ஃபைண்டரில் நான் தேடித்தான் பார்க்கிறேன்.