"ஆர்ஓசி முடிஞ்சுதுங்க" என்ற வாய்வார்த்தையை நம்பி விடாதீர்கள்

கோவையில் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். நானும் மச்சானும்தான் டைரக்டர்கள். 2024 ஆடி மாதம் சிஎன்சி மெஷின் வாங்க லோன் கேட்டுப் போயிருந்தோம். வங்கி அதிகாரி கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "ஏனுங்க, கடைசி பேலன்ஸ் ஷீட் தேதி 31-03-2021ன்னு காட்டுதே, அதுக்கப்புறம் எதுவும் ஃபைல் பண்ணலையா?" எனக்குப் பேச்சே வரவில்லை.

அதற்கடுத்த இரண்டு நிதியாண்டுக் கணக்கையும் ஆர்ஓசியில் (கம்பெனிகளின் பதிவாளர் அலுவலகம்) தாக்கல் செய்யச் சொல்லி, கன்சல்டன்டுக்கு வருடத்துக்கு 18,000 ரூபாய் வீதம் கொடுத்திருக்கிறோம், அரசுக் கட்டணமும் சேர்த்து. கணக்கில் கையெழுத்து வாங்கிப் போவார். நவம்பர் வாக்கில் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும், கீழே "ஆர்ஓசி முடிஞ்சுதுங்க" என்று ஒரு வரி. அன்று இரவுதான் அவற்றைத் திறந்து முழுதாகப் படித்தேன். இரண்டுமே வருமான வரி ரிட்டர்னுக்கு வந்த ஒப்புகைச் சீட்டு!

வருமான வரி வேறு, ஆர்ஓசி வேறு. தொழில் நடத்தும் நம்மில் பலருக்கு இது இன்னும் பிடிபடவில்லை, அதில்தான் இவர்கள் புகுந்து விளையாடுகிறார்கள். ஆர்ஓசிக்கு, ஏஜிஎம் (வருடாந்திரப் பொதுக்கூட்டம்) நடந்த 30 நாளுக்குள் நிதிக் கணக்குக்கான ஏஓசி-4 படிவமும், 60 நாளுக்குள் ஆண்டு அறிக்கைக்கான எம்ஜிடி-7 படிவமும் (சிறிய கம்பெனிக்கு 7ஏ) போட வேண்டும். எங்கள் மூலதனம் 10 லட்சம். நேரத்துக்குப் போட்டிருந்தால் படிவத்துக்கு 400 ரூபாயோடு போயிருக்கும். தேதி தாண்டினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பே கிடையாது. இரண்டு வருடத்து நான்கு படிவத்துக்கும் சேர்த்துத் தாமதக் கட்டணம் மட்டும் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டியது. மெஷினுக்கு வைத்திருந்த முன்பணத்தை எடுத்துத்தான் கட்டினோம்.

மூன்றாவது வருடமும் விட்டிருந்தால் இன்னும் மோசம். தொடர்ந்து மூன்று நிதியாண்டு ஃபைல் செய்யாவிட்டால் கம்பெனிச் சட்டம் 164(2) பிரிவின்படி டைரக்டர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். 2017ல் இப்படி லட்சக்கணக்கானவர்கள் மாட்டினார்கள்.

கன்சல்டன்டிடம் கேட்டதற்கு, "சைட் வேலை செய்யலைங்க" என்றார். படிவங்களைப் போடும் அரசு போர்ட்டலை மாற்றிய சமயத்தில் எல்லோரும் அவதிப்பட்டது உண்மைதான். அதற்காக, முடிந்தது என்று பொய் சொல்லிப் பணம் வாங்கலாமா?

தயவுசெய்து இன்றைக்கே எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் உங்கள் கம்பெனியின் மாஸ்டர் டேட்டாவை, அதாவது அடிப்படை விவரப் பக்கத்தை, பாருங்கள். காசு கட்ட வேண்டியதில்லை. கடைசி ஏஜிஎம் தேதியும் பேலன்ஸ் ஷீட் தேதியும் அதில் இருக்கும். ஃபைலிங் முடிந்தது என்று யார் சொன்னாலும் எஸ்ஆர்என் எண் (தாக்கலுக்குத் தளம் தரும் பதிவு எண்) போட்ட சலானைக் கேளுங்கள், படிவத்துக்கு ஒன்று வீதம் இரண்டு சலான். அப்புறம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை அடுத்தவர் கையில் விட்டு வைக்காதீர்கள். எங்கள் இரண்டு டோக்கனும் மூன்று வருடமாக அவர் மேசையில்தான் கிடந்தன, ரப்பர் பேண்டு போட்டு, இன்னும் பத்துப் பேருடைய டோக்கன்களோடு. எங்களுடையதை வாங்கி வந்துவிட்டோம். கொடுத்த 36,000 ரூபாய் இன்னும் வரவில்லை.