அமெரிக்க வரி நீதிமன்றம்: ஒரே மனுவா, தனி மனுக்களைச் சேர்ப்பதா?

கணவன் மனைவி கூட்டாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, வரி குறைவாகக் கட்டியதாக ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) அனுப்பும் குறைவரி நோட்டீஸ் இருவர் பெயரிலும் வந்திருந்தால், அதை எதிர்த்து இந்த நீதிமன்றத்தில் ஒரே மனு போதும். கட்டணம் 60 டாலர், வழக்கு எண் ஒன்று. ஆனால் மனுப் படிவத்தின் கடைசியில் இரண்டு கையெழுத்து இடங்கள் இருக்கும். இரண்டாவது காலியாக இருந்தால்தான் வினை. பெயர் மேலே இருந்தாலும், கையெழுத்திடாதவர் மனுதாரரா என்ற கேள்வி எழும். மனு அவர் சார்பிலும் போடப்படவில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தால், நோட்டீஸ் தேதியிலிருந்து 90 நாள் (வெளிநாட்டு முகவரிக்கு 150) கடந்தபின் திருத்த மனு போட்டு அவரை நுழைக்க முடியாது. நீதிமன்ற நடைமுறை விதி 41 அதைத் தடுக்கிறது. அவர் மீதான வரியை ஐஆர்எஸ் விதித்து வசூலிக்கத் தொடங்கலாம். தாக்கல் செய்யும் முன் இரண்டு கையெழுத்தையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தனித்தனி நோட்டீஸ் பெற்ற இரு தொழில் கூட்டாளிகள் ஒரே மனுவில் சேர விதி 61 பொதுவாக இடம்தராது. அவரவர் கெடுவுக்குள் அவரவர் மனு, ஆளுக்கு 60 டாலர். பிறகு, சட்டமோ உண்மையோ பொதுவாக இருந்தால், விதி 141-இன் கீழ் வழக்குகளை ஒருங்கிணைக்கக் கேட்கலாம். சாட்சியம் ஒருமுறை, விசாரணை ஒருமுறை. வழக்கு எண்கள் தனியாகவே நிற்கும். ஒருங்கிணைப்பு தவறிப்போன கெடுவை உயிர்ப்பிக்காது.

தம்பதியிடையே கருத்து வேறுபாடு இருந்தால் தனி மனுவே பாதுகாப்பு என்பேன். கூடுதல் 60 டாலர் பெரிதல்ல.

அப்பாவித் துணை நிவாரண வழக்கு (கூட்டுக் கணக்கின் வரிப் பொறுப்பிலிருந்து தம்பதியரில் ஒருவர் விடுவிப்பு கேட்பது) மட்டும் வேறு: அங்கே மற்றத் துணைவர், அந்த வழக்கு பற்றிய ஐஆர்எஸ் அறிவிப்பு கிடைத்த 60 நாளுக்குள் தலையீட்டு அறிவிப்புத் தாக்கல் செய்து உள்ளே வரலாம்.