ஊட்டி இ.என்.டி. கிளினிக் பயாப்ஸி சேவை: வேலை சுத்தம், ரிப்போர்ட் அரைகுறை

ஒரு பக்க மூக்கடைப்பும் ரத்தக்கசிவும் மூன்று வாரம் நீடித்தால், ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுக்காமல் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்துவிடுகிறார்கள். இதற்கே பாதி மார்க். சி.டி. ஸ்கேன் பார்த்த பிறகுதான் பரிசோதனைக்குச் சதை எடுக்கிறார்கள். ரத்தக்குழாய்க் கட்டியைத் தெரியாமல் கிள்ளினால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு.

எடுத்த கையோடு சதையைப் போல் பத்து மடங்கு அளவு, சதையைக் கெடாமல் காக்கும் 10 சதவீத பஃபர் ஃபார்மலின் திரவத்தில் போடுகிறார்கள். வெறும் சலைனில் போட்டால் கோயம்புத்தூர் லேபுக்குப் போவதற்குள் செல்கள் கெட்டுவிடும். ஆனால் டப்பாவை ஜன்னலோரம் வைக்கிறார்கள். மார்கழிக் குளிரில் ஃபார்மலின் வேலை செய்வது மந்தமாகும், உள்ளே தள்ளி வைக்கலாமே!

பெரிய குறை ரிப்போர்ட். 'புவர்லி டிஃபரன்ஷியேட்டட் கார்சினோமா' (இயல்பான செல்லின் சாயல் குறைந்த புற்றுநோய்) என்று ஒற்றை வரி. நட் கார்சினோமா என்ற அரிய, படுவேகமான புற்றுநோய் பெரும்பாலும் இந்தப் பெயருக்குள்தான் ஒளிந்திருக்கும். என்யுடிஎம்1 மரபணு உடைந்து, பல சமயம் பிஆர்டி4 மரபணுவோடு ஒட்டிக்கொள்வதால் வருவது. பீடி, சிகரெட் தொடாத இளவயதினரையும் விடாது. மைக்ரோஸ்கோப்பில் மட்டும் பார்த்தால் பிடிபடாது. நட் புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி சாயம் பாதிக்கு மேற்பட்ட செல்கருக்களில் புள்ளிபுள்ளியாக ஏறினால் உறுதி. ஏறாமலும் சந்தேகம் தீராமலும் இருந்தால் ஃபிஷ் (மரபணு உடைந்திருக்கிறதா என்று ஒளிரும் சாயத்தால் பார்ப்பது) அல்லது ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் (எந்த மரபணுவோடு ஒட்டியிருக்கிறது என்று படிப்பது).

இதற்கெல்லாம் ஸ்லைடு மட்டும் போதாது, சதையை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கும் வேண்டும். இவர்களாகத் தருவதில்லை, கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.