குமுளி லாட்ஜில் கொடுத்த ஆதார் ஜெராக்ஸ் எங்கே போய் நின்றது தெரியுமா?

தேக்கடி டூர், சபரிமலை சீசன், கல்யாணம் என்று குமுளியில் அறை எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அக்கா மகள் கல்யாணத்துக்குக் கம்பம், போடி பக்கமிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். வண்டிப்பெரியாறில் எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கு இடம் காணாது. குமுளியில் ஒரு லாட்ஜில் எல்லா அறையையும் என் பேரிலேயே எடுத்தேன். ரிசப்ஷன் பையன் என் ஆதாரை ஜெராக்ஸ் போட்டு, மூலையில் அறை எண்களை வரிசையாகப் பேனாவால் எழுதினான். அது போதாதென்று தன் சொந்த போனிலும் இரண்டு பக்கமும் படம் எடுத்தான். "எதுக்கு தம்பி?" என்றேன். "ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும் அண்ணா" என்றான்.

சில மாதம் கழித்து மதுரைப் பக்கமிருந்து ஒரு ஃபைனான்ஸ் ஆள் போன் செய்தார். விலை உயர்ந்த செல்போனைத் தவணையில் வாங்கிவிட்டு நான் பணம் கட்டாமல் இருக்கிறேனாம். அந்தக் கடை வாசலைக்கூட மிதித்ததில்லை. எஸ்டேட் ஆபீஸுக்கு வந்து மானத்தை வாங்குவேன் என்று மிரட்டினார். "என் பேரில் கொடுத்த காகிதத்தைக் காட்டுங்க" என்று நான் விடாமல் கேட்ட பிறகுதான் அனுப்பினார். என் ஆதார் ஜெராக்ஸ். மூலையில் அதே அறை எண்கள், அதே பேனா எழுத்து. கீழே கையெழுத்து மட்டும் யாருடையதோ.

லாட்ஜில் போய்க் கேட்டால் ஓனர் பதறவே இல்லை. ஜெராக்ஸ் கட்டு சேர்ந்தால் ஆக்ரிக்கடைக்கு, அதாவது பழைய காகிதம் வாங்கும் கடைக்கு, போட்டுவிடுவார்களாம்! பையனோ வேலையை விட்டுப் போயிருந்தான். கடை வழியாகப் போனதோ, பையன் வழியாகப் போனதோ, பதில் சொல்ல வேண்டியவர்கள் லாட்ஜ்காரர்கள்தான்.

தங்குகிறவர் யார் என்று அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதில் எனக்குச் சண்டை இல்லை. ஆதார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதுதான் வம்பு. தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த ஆதார் சட்டத்தின் 57-வது பிரிவில் இருந்த வழியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே அடைத்துவிட்டது. ஹோட்டல், சினிமா தியேட்டர் போன்றவை ஆதார் நகலை வாங்கி வைக்கக் கூடாது என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிக்கை விட்டது. ஜனங்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அப்புறம் லாட்ஜ்காரர் யார் பேச்சைக் கேட்பார்?

ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ நீட்டுங்கள். ஆதார்தான் என்று அடம்பிடித்தால் மாஸ்க்டு ஆதார் கொடுங்கள். ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். முதல் எட்டு எண்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். நகல் கொடுப்பதானால் லாட்ஜ் பெயர், தேதி, 'அறை எடுக்க மட்டும்' என்று முகத்தின் மேலும் எழுத்தின் மேலும் படுகிற மாதிரி குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் மறைத்து நகலெடுத்துவிடலாம். என் விஷயத்தில் அந்த மூலையை மறைக்கக்கூடச் சோம்பல்பட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. சொந்த போனில் படம் எடுக்க விடவே விடாதீர்கள்.

அப்புறம், ராத்திரியில் அறை போனுக்கு "ரிசப்ஷன்லேர்ந்து பேசுறோம், கார்டு நம்பரை மறுபடி சொல்லுங்க" என்று அழைப்பு வந்தால் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்க் கேளுங்கள். அது வேறு வகை ஏமாற்று.

நான் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்து, சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதிந்தேன். அந்த ரசீதை வைத்து ஃபைனான்ஸுக்கும், யார் எவ்வளவு கடன் வாங்கினார், கட்டினாரா என்று கணக்கு வைக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுதினேன். கடன் விவரத்தில் உள்ள தவறு பற்றிய புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. அதைக் கடிதத்தில் குறிப்பிட்ட பிறகுதான் ஆட்கள் அசைந்தார்கள். கடன் இப்போது என் பேரிலிருந்து நீங்கிவிட்டது.

குமுளியில் ஆதார் நகல் கொடுத்துத் தங்கியவர்கள் சிபிலில் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதும் தெரியும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.